பெட்டியை விடுங்கள், குழாயைப் பாருங்கள்

ரொறன்ரோவிலோ அதைச் சுற்றியுள்ள ஊர்களிலோ குடிபுகுதல் என்றால் கடைசிச் சடங்கு ஒன்று தவறாமல் நடக்கும். பால் காய்ச்சி, சாப்பிட்டு, படம் எடுத்து முடிந்ததும் வீட்டுக்காரர் ஆண்களைப் பேஸ்மென்டுக்கு அழைத்துப்போவார். அங்கே புது ஃபேர்னஸ் பளபளவென்று நிற்கும். “ஒரு லட்சம் பிடியு அண்ணை. 96 வீதம் எஃபிஷியன்சி. ஏசி மூன்றரைத் தொன். பில்டர் இரண்டரைதான் தாறன் எண்டவன், நான்தான் மேல காசு கட்டி எடுத்தனான்.” வந்தவர்கள் தலையாட்டுவார்கள். ஒருவர் பெட்டியில் ஒட்டியிருக்கும் விபரத் தாளைக் குனிந்து வாசிப்பார். தலைக்கு மேலே மரவிட்டங்களுக்கிடையில் ஓடும் தகரக் குழாய்களை ஒருவரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஓகஸ்ட் மாதமாக இருந்தால், மேல்மாடி அறையில் குழந்தையைத் தூங்கவைக்கப் போன தாய் வியர்த்து வழிய இறங்கி வருவார். “மேல கொஞ்சம் சூடுதான். புது வீடுதானே, போகப் போகச் சரியாகும்” என்று வீட்டுக்காரர் சமாதானம் சொல்வார்.

போகப் போகச் சரியாகாது. பத்து வருடம் கழித்துப் போனாலும் அந்த அறை அப்படியேதான் இருக்கும்.

கனடாவில் வீடு வாங்குகிறவர்களிடம் ஒரு கருத்து ஆணியடித்தாற்போல் நிற்கிறது. எங்கள் சனத்திடம் அது இன்னும் ஆழமாக இறங்கியிருக்கிறது. “நல்ல பெயருள்ள கம்பனி, கொஞ்சம் பெரிய சைஸ். இந்த இரண்டையும் பார்த்து எடுத்தால் போதும். டக்ட் வெறும் தகரம். அதைத் தகரவேலைக்காரன் பார்த்துக்கொள்வான்.” இந்தக் கருத்து தலைகீழானது என்பதே என் வாதம். புது வீட்டில் முதலில் முடிவாக வேண்டியது குழாய். பெட்டி அதற்குப் பிறகு.

நான் இந்தத் தொழில் செய்கிறவன் அல்லன், பிழைவிட்டுப் படித்தவன். எங்கள் முதல் வீட்டில் கராஜுக்கு மேலிருந்த அறை தை மாதத்தில் ஐஸ் பெட்டி, ஆடி மாதத்தில் அடுப்பு. பில்டரிடம் முறையிட்டோம். ஆள் வந்து தெர்மோஸ்டாட்டைத் திருகிப் பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் கடன்பட்டு, இருந்த ஃபேர்னஸைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதொன்றைப் பூட்டினோம். இரைச்சல் கூடியது, அறை மாறவில்லை. இரண்டு குளிர்காலம் கழித்து வந்த ஒரு வயதான டெக்னீஷியன்தான் பெட்டியின் பக்கத்தில் சின்னத் துளையொன்று போட்டு, அழுத்தமானியின் குழலைச் செருகினார். முள்ளைப் பார்த்துவிட்டு, பெட்டிக்கு மூச்சு முட்டுகிறது என்றார். அதுவரை அந்த வீட்டுக்குள் வந்துபோன எவரும் அப்படி ஒரு முள்ளைப் பார்த்ததே இல்லை.

அந்த முள் என்ன சொல்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். வீட்டு ஃபேர்னஸ்களில் பெரும்பாலானவை அரை அங்குல நீர் அழுத்தத்துக்குக் கணக்குப்போட்டுச் செய்யப்பட்டவை. ஸ்ட்ரோவில் அரை அங்குல உயரத்துக்குத் தண்ணீரை உறிஞ்சுவதற்கு எவ்வளவு பலம் வேண்டும்? அவ்வளவுதான் அந்த விசிறியின் கையிருப்பு. அந்தப் பலத்தைக் கொண்டே முழு வீட்டுக்கும் காற்றைத் தள்ளவும் வேண்டும், திரும்ப இழுக்கவும் வேண்டும். சம்பளம் வந்ததும் மோட்கேஜ், வரி, கார் இன்சூரன்ஸ் என்று போவது போல இதிலும் கழிவுகள் உண்டு. ஏசியின் நனைந்த கொயிலுக்கு ஏறக்குறைய 0.20 அங்குலம். ஃபில்டருக்கு 0.12. அறைகளில் இருக்கும் கிறில்களுக்கு 0.06. மிச்சம் 0.12. பேஸ்மென்டிலிருந்து மேல்மாடிக் கடைசி அறை வரைக்கும், போக வர இரண்டு வழிக்கும், அந்த 0.12தான். அதற்குள் அடங்கும் குழாயைப் போட்டால் வீடு சீராக இருக்கும். அடங்காத குழாயைப் போட்டால் விசிறி திணறும், மின்கட்டணம் ஏறும், கடைசி அறைக்குக் காற்றே போகாது. “வெறும் தகரம்” என்கிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறையாவது கூட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

அவர்களின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுப்போம்.

முதலாவது வாதம்: “பெரிய மெஷின் போட்டால் எந்த மூலைக்கும் காற்று போகும்.” குழாய் அதேயளவாக இருக்கும்போது பெட்டியைப் பெரிதாக்குவது, ஒற்றையடிப் பாதையில் லொறியை விடுவதற்குச் சமம். ஏசிக்குப் பொதுவான கணக்கு, ஒரு தொன்னுக்கு நிமிடத்துக்கு 400 கன அடி காற்று. இரண்டு தொன்னுக்கு 800, மூன்று தொன்னுக்கு 1,200. இரண்டு தொன்னுக்கென்று போட்ட குழாயில் மூன்று தொன் காற்றைத் தள்ளினால், காற்று ஒன்றரை மடங்காகும்போது தடை இரண்டேகால் மடங்காகிறது. விசிறிக்கு வேண்டிய மின்சக்தி மூன்று மடங்கைத் தாண்டுகிறது. விசிறியால் அது முடியாது. ஆகவே 1,200 கன அடி ஒருநாளும் வந்து சேராது. காற்றுப் போதாத கொயில் கோடையில் பனிபிடிக்கும். காற்றுப் போதாத ஃபேர்னஸ் குளிர்காலத்தில் தன் சூட்டைத் தானே தாங்காமல் பாதுகாப்பு சுவிட்ச் விழுந்து நிற்கும். சனம் அதைப் பார்த்து, “இந்தக் கம்பனி சரியில்லை” என்று சொல்லும்.

குழாய் போதுமாக இருந்தாலும் பெரிய பெட்டி நல்லதல்ல. அளவுக்கு மிஞ்சிய ஏசி ஐந்து நிமிடத்தில் தெர்மோஸ்டாட்டைத் திருப்திப்படுத்திவிட்டு நின்றுவிடும். காற்றிலிருந்து ஈரத்தைப் பிழிந்தெடுக்க அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ரொறன்ரோக் கோடையின் கொடுமை பாதி வெயில், பாதி ஈரம். ஈரத்தை விட்டுவிட்டுக் குளிர மட்டும் செய்தால் வீடு குகை மாதிரி நசநசவென்றிருக்கும்.

பெட்டியை ஒரு சைஸ் கூட்டக் கொடுக்கும் காசைக் குழாயில் போட்டால் என்ன நடக்கும் என்று பாருங்கள். ஐந்து அங்குல வட்டக் குழாயை ஆறு அங்குலமாக்கினால் பார்வைக்கு ஒரு விரல் அகலம்தான் வித்தியாசம். அதே தடைக்கு அதனூடாகப் போகும் காற்றோ ஒன்றரை மடங்குக்கு மேல். தகரத்தில் அந்த ஒரு அங்குலத்துக்குப் பெரிய விலையில்லை. சுவரை மூடிய பிறகு அதே அங்குலத்தைத் தேடுவதற்குத்தான் பெரிய விலை.

இரண்டாவது வாதம்: “டக்ட் ஹீட்டுக்கு என்றே போடுவது, ஏசி அதே வழியால் போகும்.” இதைச் சொல்பவர்கள் பாதி உண்மை சொல்கிறார்கள். ஒன்ராறியோக் கட்டட விதி கேட்பது சூட்டைத்தான். வெளியே ஊருக்குக் குறித்த கடுங்குளிர் அடிக்கும் நாளிலும் வாழும் அறைகளை 22 பாகையில் வைத்திருக்க முடிய வேண்டும் என்பது விதி. குளிரூட்ட வேண்டுமென்ற விதி இல்லை. ஆகவே பல வீடுகளில் குழாய் குளிர்காலத்தை மனதில் வைத்தே ஓடுகிறது. இப்போது கணக்கைப் பாருங்கள். ஃபேர்னஸ் தன்னூடாகப் போகும் காற்றைக் கிட்டத்தட்ட 30 பாகை சூடாக்கி அனுப்புகிறது. ஏசி குளிர்விப்பது கிட்டத்தட்ட 11 பாகைதான். ஒரு வாளி கொதிநீர் செய்கிற வேலைக்கு வெந்நீர் மூன்று வாளி வேண்டும் அல்லவா? அதே மாதிரி, குளிர் கொண்டுபோக அதிகக் காற்று வேண்டும். அதிகக் காற்றுக்கு அகலமான வழி வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. குளிர்காலத்தில் பசியோடிருப்பது கீழ்த்தளம். கோடையில் பசியோடிருப்பது கூரைக்குக் கீழிருக்கும் மேல்மாடி. ஒரே குழாய் இரண்டு எதிரெதிர் எசமான்களுக்கு வேலை செய்ய வேண்டும். அதனால்தான் அறை அறையாகக் கணக்குப்போட வேண்டும் என்கிறார்கள். கனடாவில் அந்தக் கணக்குக்குச் சிஎஸ்ஏ எஃப்280 என்று ஒரு நியமமே இருக்கிறது. அமெரிக்காவில் சுமையைக் கணிக்க மனுவல் ஜே, பெட்டியைத் தெரிவுசெய்ய மனுவல் எஸ், குழாயை வடிவமைக்க மனுவல் டி என்று மூன்று தனித்தனி நூல்கள். குழாய்க்கென்று முழு நூல் எழுதியவர்கள் தகரத்தின் மேல் காதல் கொண்டு எழுதவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. வீடு பார்க்கும்போது வாசல் கிழக்கா வடக்கா என்று வாஸ்துக்காரரைக் கேட்காமல் நாங்கள் கையெழுத்து வைப்பதில்லை. மேற்குப் பக்கத்துப் பெரிய கண்ணாடி வழியாக மாலை வெயில் எந்த அறையில் விழும், அந்த அறைக்கு எத்தனை குழாய் போகிறது என்று கேட்பதேயில்லை. யாழ்ப்பாணத்து நாற்சார் வீட்டைக் கட்டியவர்கள் முற்றத்தைத் திறந்து வைத்துக் காற்றுக்கு வழிவிட்ட பிறகுதான் அறைகளைச் சுற்றி அடுக்கினார்கள். அந்த வீடுகளில் பிறந்தவர்கள் இங்கே வந்து, வழியை மறந்து பெட்டியை வாங்குகிறோம்.

மூன்றாவது வாதம் கொஞ்சம் சாமர்த்தியமானது: “குழாயில் ஓட்டை இருந்தால் என்ன? காற்று வீட்டுக்குள்தானே நிற்கிறது.” அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம், சாதாரண வீடொன்றில் குழாயில் ஓடும் காற்றில் 20 முதல் 30 வீதம் பொருத்துகளாலும் ஓட்டைகளாலும் போய்விடுவதாகச் சொல்கிறது. அங்கே தெற்கு மாநிலங்களில் குழாய் கொதிக்கும் கூரைக்கடியில் ஓடுவதால் போன காற்று போனதுதான். எங்களுக்கு அது பேஸ்மென்டில் ஓடுகிறது. அதனால் நட்டமில்லை என்பது வாதம். நட்டம் இருக்கிறது. மேல்மாடிப் பிள்ளைக்கென்று குளிரவைத்த காற்று, ஏற்கெனவே குளிர்ந்து கிடக்கும் பேஸ்மென்டில் கொட்டுகிறது. பிள்ளை வியர்க்கிறது, பேஸ்மென்டில் குடியிருப்பவர் ஓகஸ்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

திரும்பும் வழியில், அதாவது ரிட்டேர்ன் பக்கத்தில், ஓட்டை இருந்தால் இன்னும் மோசம். அது பேஸ்மென்ட் காற்றை உறிஞ்சி வீடெங்கும் அனுப்பும். தூசு போகட்டும், ரேடோன் வாயுவை என்ன செய்வது? மண்ணிலிருந்து அத்திவாரத்தின் வெடிப்புகள் வழியாக ஏறிவரும் இந்த வாயுவுக்குக் கனடிய சுகாதாரத் திணைக்களம் கன மீட்டருக்கு 200 பெக்கரல் என்று எல்லை வைத்திருக்கிறது. பேஸ்மென்டிலிருந்து காற்றை உறிஞ்சும் ரிட்டேர்ன் அந்த வாயுவையும் சேர்த்து இழுக்கும். புகைபோக்கியால் தானாகப் புகை ஏறும் பழைய பாணி வோட்டர் ஹீட்டர் பக்கத்தில் இருந்தால் அதன் புகையையும் கீழே இழுக்கக்கூடும். இங்கே பல வீடுகளில் ரிட்டேர்ன் என்பது உண்மையில் குழாயே அல்ல. இரண்டு மரவிட்டங்களுக்கிடையே அடியில் ஒரு தகரத் தட்டை ஆணியடித்து, “இதுதான் டக்ட்” என்று விட்டுவிடுகிறார்கள். மரத்துக்கும் தகரத்துக்கும் இடையிலுள்ள ஒவ்வொரு நீக்கலும் ஒரு வாய். புது வீட்டில் ரிட்டேர்னும் முழுத் தகரக் குழாயாக வேண்டுமென்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

“அதற்குத்தான் டக்ட் டேப் ஒட்டுகிறோமே” என்பார்கள். கலிபோர்னியாவின் லோரன்ஸ் பேர்க்லி ஆய்வுகூடத்தில் மக்ஸ் ஷேர்மன், இயன் வோக்கர் என்ற இருவர் குழாய்ப் பொருத்துகளை மூடும் பொருட்களைச் சூட்டிலும் குளிரிலும் மாறிமாறி வைத்துப் பார்த்தார்கள். 1998இல் வெளிவந்த அவர்களின் முடிவு சிரிப்பை வரவழைக்கும்: துணிமுதுகு கொண்ட டக்ட் டேப்பைத் தவிர மற்றவையெல்லாம் தாங்கின. பெயரிலேயே டக்டை வைத்துக்கொண்டிருக்கும் டேப் டக்டுக்குத்தான் உதவாது. பிடிக்கிறது மாஸ்டிக் பசை. தூரிகையால் பூசிக் காயவிட்டால் பொருத்து இறுகிவிடும். யூஎல் 181 என்று அச்சிட்ட ஃபொயில் டேப்பும் சரி. பொருத்துகளில் சாம்பல் நிறப் பூச்சு தெரிகிறதா என்று பார்ப்பதற்கு எஞ்சினியராக இருக்கத் தேவையில்லை.

நான்காவது வாதம்: “வளையும் குழாய் இருக்கும்போது தகரம் எதற்கு?” கம்பிச் சுருளின் மேல் பிளாஸ்டிக் உறையும் பஞ்சும் சுற்றிய அந்தக் குழாயை நான் எதிரியாகப் பார்க்கவில்லை. நேராக இழுத்து, தொய்யாமல் நான்கடிக்கு ஒரு தாங்கி வைத்துக் கட்டினால் அது நல்ல வேலை செய்யும், சத்தமும் குறைவு. அப்படி யார் கட்டுகிறார்கள்? அட்டைப்பெட்டியில் 25 அடி வருகிறது, வேண்டியது 18 அடி. மிச்சத்தை வெட்டாமல் உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அதே பேர்க்லி ஆய்வுகூடம் இதையும் அளந்திருக்கிறது. வேலைத்தளங்களில் சாதாரணமாகக் காணும் நசிவே தடையை நான்கு மடங்காக்கலாம். இன்னும் நசிந்தால் பத்து மடங்கை நெருங்கலாம். எங்கள் கையிருப்பு 0.12 அங்குலம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த நான்கையும் பத்தையும் வாசியுங்கள். ஆகவே பிரதான வழி தகரமாகவே இருக்கட்டும். கடைசிச் சில அடிகளுக்கு வளையும் குழாய் போகலாம், இழுத்துக் கட்டினால்.

தகரத்துக்கும் இதே நீதிதான். கூர்மையான ஒரு மடக்கு பத்தடி, இருபதடி, சிலவேளை அதற்கும் மேலான நேர்க்குழாய்க்குச் சமமான தடையைத் தரும். பிளம்பர் முதலில் வந்து கழிவுக் குழாயைப் போட்டுவிட்டுப் போகிறார். பிறகு வருகிற தகரவேலைக்காரர் அதைச் சுற்றி நான்கு மடக்கு மடக்கி, எட்டங்குலக் குழாயை ஆறங்குலமாக நசித்துக் கொண்டுபோகிறார். படத்தில் நேர்கோடாக இருந்த வழி வீட்டில் பாம்பாகிறது.

ஐந்தாவது, வீட்டுக்கு வீடு பரவியிருக்கும் நம்பிக்கை: “பாவிக்காத அறையின் வென்டை மூடினால் காசு மிச்சம்.” மூடிய வென்ட் விசிறியின் வேலையைக் குறைப்பதில்லை, வழியை மட்டும் குறைக்கிறது. அழுத்தம் ஏறுகிறது, ஓட்டைகள் வழியாக இன்னும் அதிகமாகக் கசிகிறது, பெட்டி மூச்சுத்திணறுகிறது. ஓர் அறையைக் குறைக்க வேண்டுமானால் பேஸ்மென்டில் பிரதான குழாயிலிருந்து அந்தக் கிளை பிரியும் இடத்தில் டாம்பர் என்ற திருப்பு மூடியை வைத்து அளவாகத் திருப்ப வேண்டும். புது வீட்டில் ஒவ்வொரு கிளைக்கும் டாம்பர் கேட்பது சின்னச் செலவு.

வென்டை மூடுகிறவர்கள் கதவையும் மூடுகிறார்கள். எங்கள் வீடுகளில் பிள்ளை படிக்கிறது என்று ஒரு கதவு, அம்மம்மா தூங்குகிறார் என்று ஒரு கதவு. அறைக்குள் காற்று வருகிறது. வெளியே போக வழியில்லை. திரும்பிப் போகாத காற்று புதிதாக வரும் காற்றையும் தடுக்கும். ஊதிய பலூனுக்குள் இன்னும் ஊதுவது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும்தானே? கதவடியில் விடும் அரை அங்குல இடைவெளி போதாது. ஒவ்வொரு படுக்கையறைக்கும் தனி ரிட்டேர்ன் வேண்டும். முடியாவிட்டால் கதவுக்கு மேல் சுவரில் காற்றுப் போகும் கிறிலாவது வேண்டும். மேல்மாடியில் ஒரு ரிட்டேர்ன் கூரையோடு ஒட்டி உயரத்தில் இருந்தால் கோடையில் அங்கே தேங்கும் சூடு இறங்கும். சமையலறை அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் ரிட்டேர்ன் வைக்க விடாதீர்கள். வைத்தால் கீழே கொதிக்கும் மீன்குழம்பு மேலே அலுமாரிக்குள் தொங்கும் சேலையில் மணக்கும். கராஜில் ரிட்டேர்ன் இருக்கவே கூடாது. அது மணத்தோடு நிற்காது. கார்ப் புகையை வீட்டுக்குள் கொண்டுவரும், உயிரையும் எடுக்கும்.

ஆறாவது வாதமே மிகப் பலமாக நிற்பது: “நகரசபை இன்ஸ்பெக்டர் பார்த்துத்தானே கையெழுத்து வைக்கிறார்?” ஒன்ராறியோவில் புது வீட்டுக்கு அனுமதி கேட்கும்போது வெப்ப இழப்புக் கணக்கும் குழாய் வரைபடமும் தகுதிபெற்ற வடிவமைப்பாளரின் கையெழுத்தோடு போகின்றன. அது உண்மை, நல்லதும்கூட. ஆனால் அந்தக் கணக்கு பலவேளை ஒரு மாதிரி வீட்டுக்குப் போடப்பட்டது. அதே மாதிரியில் தெருவின் இந்தப் பக்கம் நாற்பது வீடு, அந்தப் பக்கம் நாற்பது வீடு. ஒரு பக்கத்துப் படுக்கையறை காலை வெயிலைப் பார்க்கிறது, மறுபக்கத்துப் படுக்கையறை மாலை வெயிலில் வேகிறது. இன்ஸ்பெக்டர் விதிக்கு எதிராக ஏதும் இருக்கிறதா என்று பார்ப்பார். உங்கள் மகளின் அறையில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று வருகிறது என்று கருவி பிடித்து அளப்பது அவர் வேலையல்ல. குறைந்தபட்சத்தைத் தாண்டிவிட்டது என்பதற்குத்தான் அந்தக் கையெழுத்து சாட்சி.

“புது வீட்டுக்கு ஒன்ராறியோவில் டாரியோன் உத்தரவாதம் இருக்கிறதே” என்றும் சொல்வார்கள். இருக்கிறது. வெப்பத்தைக் கொண்டுசெல்லும் குழாயமைப்பின் வேலையிலும் பொருளிலும் உள்ள பழுதுகளுக்கு அது இரண்டு வருடம் நிற்கும். இரண்டாம் வருடம் முடியும்வரை “போகப் போகச் சரியாகும்” என்று காத்திருப்பவர்களே அதிகம். முறைப்பாட்டை எழுதிக் கொடுங்கள், ஒவ்வொரு அறையின் வெப்பநிலையையும் திகதியோடு குறித்துக் கொடுங்கள். வாயால் சொன்னது எதுவும் இரண்டு வருடத்துக்குப் பிறகு நிற்காது.

கடைசியாக, நான் மதிக்கிற ஒரு மறுப்பு இருக்கிறது: “இவ்வளவு கரைச்சல் எதற்கு? குழாயே இல்லாமல் அறைக்கு அறை ஸ்பிளிட் ஹீட் பம்ப் மாட்டினால் முடிந்ததே.” சின்ன வீட்டுக்கும், பழைய வீட்டில் கூட்டிக் கட்டிய அறைக்கும் அதுவே சரி, நானே அப்படிச் சொல்லியிருக்கிறேன். குழாய் இல்லாவிட்டால் குழாய்க் கசிவும் இல்லை. ஆனால் நான்கு படுக்கையறை வீட்டில் ஆறு சுவரில் ஆறு பெட்டி, ஆறு ஃபில்டர், ஆறு வடிகுழாய். அதோடு இன்றைய இறுக்கமான வீடுகளுக்கு வெளிக்காற்றை உள்ளே கொண்டுவரும் எச்ஆர்வி வேண்டும். அதன் காற்றையும் அறைகளுக்குக் கொண்டுபோகக் குழாய் வேண்டும். குழாயிலிருந்து முற்றாகத் தப்ப முடியாது.

ஹீட் பம்ப் பற்றிய பேச்சு என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. ஃபேர்னஸின் ஆயுள் பதினைந்து, இருபது வருடம். இன்று காஸ் பெட்டி வைப்பவர் அடுத்த முறை ஹீட் பம்ப்தான் வைப்பார் என்று எதிர்பார்க்கலாம். ஹீட் பம்ப் தரும் காற்று இதமான சூடு. ஃபேர்னஸ் போலக் கொதிப்பதில்லை. காற்றை 15 முதல் 18 பாகைதான் ஏற்றுகிறது. அதே அளவு வெப்பத்தைக் கொண்டுபோக ஏறக்குறைய இரண்டு மடங்கு காற்று வேண்டும். இன்று ஒடுக்கமாகப் போட்ட குழாய் அன்றைக்கு உங்கள் கையைக் கட்டிவிடும். பெட்டியை ஒரு பகலில் மாற்றலாம். சுவருக்குள் போன குழாய் வீடு நிற்கும்வரை நிற்கும்.

ரொறன்ரோவின் பழைய பகுதிகளில் நூறு வருட வீடுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றில் பலவற்றில் முதலில் இருந்தது நிலக்கரி அடுப்பு. விசிறி கிடையாது, சூடான காற்று தானாக மேலே ஏற வேண்டும். அதனால் குழாய்கள் பூசணிக்காய் போல் பருத்து, எட்டுக்கால் பூச்சி மாதிரி அடுப்பிலிருந்து நாலாபக்கமும் விரிந்தன. விசிறி இல்லாத காலத்துத் தொழிலாளிக்கு வழிதான் எல்லாம் என்று தெரிந்திருந்தது. விசிறி வந்தது, வழியைப் பற்றிய கவலை போனது. அந்த மறதிக்குத்தான் இன்று மேல்மாடிகள் வியர்க்கின்றன.

“இதெல்லாம் காசு” என்பவர்களுக்கு ஒரு சொல். சமையலறைக் கல்லுக்கும், மாடிப்படிக் கைபிடிக்கும், விளக்குக்கும் பில்டரின் டிசைன் சென்டரில் ஆயிரமாயிரமாகக் கட்டுகிறோம். கல்லைப் பத்து வருடத்தில் மாற்றலாம், விளக்கை ஒரு மணித்தியாலத்தில் மாற்றலாம். மாற்ற முடியாத ஒன்றைத்தான் ஒருவரும் கேட்பதில்லை. கேட்காததால் அது விலைப்பட்டியலிலும் இல்லை.

ஆகவே புது வீட்டுக்குக் கையெழுத்து வைக்கப் போகிறவர்களே, பெட்டியின் பெயரைக் கேட்கும் முன் இவற்றைக் கேளுங்கள். என் வீட்டுக்குப் போட்ட வெப்பக் கணக்கு எங்கே? அறைக்கு அறை எத்தனை கன அடி? ஒவ்வொரு படுக்கையறைக்கும் ரிட்டேர்ன் உண்டா? அது முழுத் தகரமா, மரவிட்டத்துக்கு அடித்த தட்டா? பொருத்துகளுக்கு மாஸ்டிக் பூசுவீர்களா? கராஜுக்கு மேல் போகும் குழாயை மூடி, பஞ்சு சுற்றுவீர்களா? வேலை முடிந்ததும் அழுத்தத்தை அளந்து எண்ணை எழுதித் தருவீர்களா? பதில் சொல்ல முடியாமல் பில்டரின் ஆள் சிரித்தால், அந்தச் சிரிப்பே பதில்.

கேட்டதோடு நிற்காதீர்கள். சுவருக்கு ட்ரைவோல் அடிக்கும் முன் ஒருநாள் அனுமதி கேட்டுப் போய், அறை அறையாக நிமிர்ந்து பார்த்து, ஒவ்வொரு குழாயையும் படம் எடுங்கள். ஒரு மணித்தியால வேலை. மறுநாள் ட்ரைவோல்காரர் வந்துவிட்டால் அந்தக் குழாயை நீங்கள் மறுபடி பார்க்கப்போவதில்லை.